தாங்கிக்குள் இறக்கிய விளக்கு

முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள், பிள்ளை. ஆறிப்போனால் நன்றாக இராது. போன் பதிவாகிக்கொண்டே கிடக்கட்டும், எனக்கு அதில் மறுப்பில்லை.

வீடு கட்டிக் கொடுக்கிறவர்களையும், அவர்களிடம் பிரித்து வேலை எடுக்கிற கைவேலைக்காரரான பாஸ்மாரையும் கூட்டி ஒரு கலந்துரையாடல் வைக்கப் போகிறீர்கள். மேசன், மரவேலை செய்கிற ஓடாவி, பைப் வேலைக்காரர், வயரிங் செய்பவர், பெயின்ற் அடிப்பவர் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற கூட்டத்தை வைத்துக்கொண்டு மனக்கசப்பில்லாமல் ஒரு வீட்டை முடிப்பது எப்படி என்று அதில் நான் பேச வேண்டுமாம். மட்டக்களப்பில் யாரைக் கேட்டாலும் கனகசிங்கத்தின் பெயரைத்தான் சொன்னார்களாம். சந்தோஷம். அவர்கள் பொய் சொல்லவில்லை. என் வேலைத்தளத்தில் யாரும் யார் மீதும் கை வைத்ததில்லை. நான் ஒருவரையும் தூஷணத்தால் ஏசியதில்லை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போன பாஸ் என்று எனக்கு ஒருவரும் கிடையாது.

நாவற்குடா வாவிக்கரை வீட்டில் நடந்த விபத்தில் நான் மற்றவர்களைக் காப்பாற்றியதையும் சொல்ல வேண்டும் என்றீர்கள். அதற்கும் வருகிறேன்.

என் முறை தேத்தண்ணியில்தான் தொடங்குகிறது. பத்து மணித் தேத்தண்ணியை நானே ஊற்றுவேன். எல்லோரையும் ஓரிடத்தில் கூப்பிட்டு இருத்த மாட்டேன். மேசன் அழகரத்தினத்துக்கு மணல் குவியலடியில், ஓடாவி பிரதீஸுக்குப் பலகை அடுக்கிய இடத்தில், பைப் வேலைக்காரர் றிப்ஷானுக்குக் குளியலறைக்குள். கொண்டுபோய்க் கையில் கொடுத்து, பக்கத்தில் குந்தி, வீட்டு நடப்பு விசாரிப்பேன். முதலாளி தன் கையால் தேத்தண்ணி தருகிறார் என்று அவர்களுக்கு மனம் குளிர்ந்துபோகும். அந்த நேரத்தில் ஒரு மனிதனிடம் எதைச் சொன்னாலும் உள்ளே இறங்கும்.

நான் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. பிரதீஸிடம், "உன்ட பலகை கோணலாம் எண்டு பைப் வேலைக்காரர் சொல்லித் திரியிறார் தம்பி. நான் விடல்ல, வாய மூடச் சொல்லிட்டன்" என்பேன். அடுத்த நாள் பிரதீஸ் அடித்த பலகையில் நூல் பிடித்துப் பார்த்தாலும் ஒரு குறை இராது. அழகரத்தினத்திடம் பிரதீஸைப் பற்றி இப்படி ஒரு சொல், வயரிங்காரரிடம் அழகரத்தினத்தைப் பற்றி ஒரு சொல். ஒவ்வொருவருக்கும் மற்றவர் மீது ஒரு சின்னக் கடுப்பு, என் மீது மட்டும் நன்றி. கோள் மூட்டுவது என்று இதைச் சொல்லக்கூடும். நான் அப்படி நினைத்ததில்லை. அடித்துக்கொள்ளவும் விடாமல், கூடிக் கும்மியடிக்கவும் விடாமல் ஒரு கூட்டத்தை வைத்திருக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

றிப்ஷானிடம் சொன்னது கொஞ்சம் கூடிப்போனது. அவர் ஓட்டமாவடி முஸ்லிம். கைவேலை சுத்தம், பேச்சு குறைவு. சின்னச் சொல்லெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. சிரித்துவிட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் நான் குரலைத் தணித்து, "உங்கட ஆக்களோட ஒண்டா நிண்டு வேலை செய்ய ஏலாது எண்டு பிரதீஸ் நிக்கிறான். நான்தான் சமாளிச்சு வச்சிருக்கன்" என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பாதிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். எங்கள் பக்கத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் அப்படி ஒரு சொல்லை ஒருதரம் சொன்னால் போதும், பிள்ளை. உண்மையா என்று யாரும் போய்க் கேட்க மாட்டார்கள். கேட்பதற்கே பயம். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் அவர்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தார்கள். ஒருவர் அறைக்குள் வந்தால் மற்றவர் வெளியே போவார். சண்டை என்று ஒன்றும் வரவில்லை.

பிரதீஸ் கிரானில் இருந்து வருகிறவன். அவன் அப்பா வட்டைக்குள் வயல் செய்தவர், மகனை மண்ணில் இறங்க விடாமல் ஓடாவி வேலைக்கு விட்டார். வாயாடி. காலையில் தொடங்கினால் மாலை வரைக்கும் அவன் குரல்தான். அவன் மீது எனக்கு உண்மையான பிரியம் இருந்தது. அவனுக்கும் உசாந்திக்கும் கலியாணம் பேசப் போனதில் நானும் ஒருவன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அவனை எனக்குப் பிடிக்காது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அந்த நாவற்குடா வீட்டுக்கிணறு உவர். பக்கத்தில் வாவி என்றால் அப்படித்தான். ஆகவே குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைக்க நிலத்துக்குக் கீழே ஒரு பெரிய கொங்கிறீட் தாங்கி கட்டினோம். உள்ளே பலகை அடித்துக் கொங்கிறீட் போட்டு மூடியையும் வைத்தோம். மாரி பிடித்துக்கொண்டது. மழை முடியும் வரை தாங்கி மூடியே கிடந்தது. பலகையெல்லாம் உள்ளே, அடியில் தேங்கின கொஞ்சத் தண்ணீரில் ஊறிக்கொண்டு கிடந்தன. வெயில் வந்ததும் பிரதீஸ் உள்ளே இறங்கிப் பலகையைக் கழற்ற வேண்டும். மிச்ச வேலை கொஞ்சம்தான், வீட்டுக்காரர் குடிபுகுகிற குடிபூரலுக்கு நாளும் பார்த்தாகிவிட்டது.

அடைத்துக் கிடந்த குழிக்குள் இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. குப்பி விளக்கு ஒன்றை ஏற்றி வாளிக்குள் வைத்துக் கயிற்றில் இறக்குவோம். அடியில் போய் நின்று எரிந்தால் மனிதன் இறங்கலாம். அணைந்தால் இறங்கக் கூடாது, அந்தக் காற்று மூச்சுக்கு ஆகாது. பெயின்ற்காரரின் கொம்பிரசர் குழாயை உள்ளே விட்டு, விளக்கு எரிகிற வரைக்கும் காற்று ஊத வேண்டும். கிணறு வெட்டுகிறவர்களிடம் படித்த பழக்கம். என் வேலைத்தளத்தில் அந்த விளக்கை என்னைத் தவிர வேறு யாரும் தொட மாட்டார்கள். "எரியுது, இறங்கு" என்று நான் சொன்ன பிறகு குனிந்து பார்த்த பாஸ் ஒருவரும் இல்லை. அவ்வளவு நம்பிக்கை. கூட்டத்தில் பேசுவதானால் இதைத்தான் முதலில் சொல்வேன், நம்பிக்கைதான் முக்கியம்.

பிறகு ஒருநாள் காலையில் பிரதீஸும் றிப்ஷானும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள்.

முதல்நாள் பிரதீஸ் ஏதோ அலுவலாகப் போனபோது அவனுடைய மோட்டார் சைக்கிள் ஓட்டமாவடிப் பாலத்தடியில் நின்றுவிட்டதாம். றிப்ஷான் அந்த வழியால் வந்திருக்கிறார். பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் அவர் வீட்டுக்குப் போக, அவர் மனைவி நிஸ்மியா சோறு போட்டிருக்கிறார். பிரதீஸ் எங்கேயாவது சோறு தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பானா. "ஏன் காக்கா உங்களுக்கு என்னில கோவம்?" என்று, அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற முறையிலேயே கேட்டுவிட்டான். இவ்வளவும் அன்று காலையில் அவனே எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னது.

தேத்தண்ணி நேரம் நான் கோப்பையோடு பலகையடிக்குப் போனேன். றிப்ஷான் அங்கேதான் இருந்தார். ஒரே பலகையில் இருவரும். "மச்சான்" என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். என்னைக் கண்டதும் பிரதீஸ் நகர்ந்து இடம் விட்டான்.

"இரிங்க அண்ணன். நாளைக்குத் தேத்தண்ணிய எல்லாரும் ஒண்டா இருந்து குடிப்பம். அழகரத்தினம் அண்ணனையும் வரச் சொல்லிட்டன். ஆராரு என்னென்ன சொன்னதெண்டு ஒருக்காக் கதைச்சு முடிச்சிருவம். மறுகா ஒருத்தருக்கும் மனசில ஒண்டும் இருக்காது."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். றிப்ஷான் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏசுகிற பார்வையும் இல்லை. நன்றாகக் கட்டின சுவரில் எங்கே நீர் ஊறுகிறது என்று தேடுகிறவர் பார்ப்பாரே, அப்படி.

எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது. இத்தனை வருடமும் ஊரில் நான் தலை நிமிர்ந்து நடந்தது இவர்கள் எல்லோரும் என்னை நம்பியதால்தான். எல்லோரும் ஓரிடத்தில் குந்தி, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு வைத்துப் பார்த்தால் என்னிடம் என்ன மிஞ்சும். அதிலும் றிப்ஷானிடம் நான் சொன்ன அந்தச் சொல். அது வேலைத்தளத்தோடு நிற்காது. கிரானுக்கும் போகும், ஓட்டமாவடிக்கும் போகும். பிறகு எந்த முகத்தோடு நான் அந்தத் தெருக்களில் போவேன்.

யோசித்துப் பார்த்தேன். றிப்ஷான் தானாக வாய் திறக்கிற ஆள் இல்லை. அழகரத்தினம் நான் சொல்வதைக் கேட்பார். கூட்டம் கூட்டுகிறவன், பேச்சைத் தொடங்குகிறவன் ஒருவன்தான். அவன் ஒருவன் இல்லாவிட்டால் மற்றவர்கள் முன்புபோலவே இருப்பார்கள். அத்தனை குடும்பத்தின் வேலையும் நிம்மதியும் ஒருவனுடைய நாக்கில் தொங்கிக்கொண்டு இருந்தது. இதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று பிறகு சொல்லுங்கள்.

அடுத்த நாள் காலை தாங்கி வேலை. மூடியை நானும் அழகரத்தினமும் சேர்ந்து நகர்த்தினோம், அவர் சாந்து குழைக்கப் போய்விட்டார். பிரதீஸ் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகை கிளப்புகிற அலவாங்கைத் தேடிக்கொண்டு நின்றான், ஏதோ பாட்டு வேறு. நான் விளக்கை இறக்கினேன். வாயைத் தாண்டி ஒரு முழம்கூடப் போகவில்லை, அணைந்தது. துடிக்கவும் இல்லை, புகையவும் இல்லை. இருந்த சுடர் இல்லாமல் போனது.

அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு அப்படி ஓர் எண்ணமே இருக்கவில்லை என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் நெருப்புப்பெட்டி எப்போதும் கட்டுகிற வீட்டின் சமையல் அறைக்குள் விளக்கோடு இருக்கும், அங்கேயே ஏற்றிக்கொண்டு வருவோம். அன்று காலை நான் என் மனைவி சீதேவியின் அடுப்படியில் கிடந்த லைட்டரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நான் சிகரெட் பிடிக்கிறவன் இல்லை.

வாளியை மேலே எடுத்து விளக்கை மறுபடி ஏற்றினேன். லைட்டரைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டேன். பிரதீஸ் திரும்பியபோது எரிகிற விளக்கு என் கையில் இருந்தது.

"எப்பிடி அண்ணன்?"

"எரியுது, இறங்கு."

அலவாங்கை உள்ளே போட்டுவிட்டு ஏணியில் இறங்கினான். பாட்டைப் பாதியில் விட்ட இடத்தில் இருந்து பாடினான். ஒரு பலகை கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு அலவாங்கு விழுகிற சத்தம். பிறகு தண்ணீருக்குள் ஆள் விழுகிற சத்தம்.

அந்தச் சத்தம் கேட்டு றிப்ஷான் குளியலறைக்குள் இருந்து ஓடி வந்தார். வந்த வேகத்தில் இறங்கிவிட்டார். பிரதீஸைத் தூக்கித் தோளில் போடப் பார்த்தது எனக்கு மேலே இருந்து தெரிந்தது. ஏணியின் கீழ்ப்படியில் ஒரு கையைப் பிடித்தார். அந்தக் கை மெதுவாக விட்டது.

அப்போதுதான் நான் கூப்பாடு போட்டேன். அழகரத்தினமும் மற்றவர்களும் ஓடி வந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இறங்கப் பார்த்தார்கள். அழகரத்தினத்தை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்து நிறுத்தினேன். அவர்கள் எல்லோருடைய கண் முன்னாலும் விளக்கை இறக்கிக் காட்டினேன், அணைந்தது. "முதல்ல எரிஞ்சது. பலகைய அசைச்ச உடனே அடியில கிடந்த காத்துக் கிளம்பிட்டுது" என்றேன். எல்லோரும் அதை நம்பினார்கள். மரண விசாரணையிலும் அதைத்தான் சொன்னேன். பொலிஸ்காரர் என் தோளில் தட்டி, நீங்கள் நிதானம் இழக்காததால் மற்றவர்கள் பிழைத்தார்கள் என்றார். இன்றைக்கு நீங்கள் சொன்னதும் அதே கதைதான்.

கொம்பிரசர் வைத்து ஊதித்தான் இருவரையும் எடுத்தோம். றிப்ஷானுடைய கைகள் பிரதீஸின் அக்குளுக்குக் கீழே மடிந்து கிடந்தன. பிரித்து எடுக்கக் கஷ்டப்பட்டோம். இத்தனை வருடம் ஒருவர் வந்தால் மற்றவர் போகிற மாதிரி நான் பழக்கி வைத்திருந்த இரண்டு பேர். ஒரு இரவுச் சோறு, ஒரு மோட்டார் சைக்கிள் பயணம், அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த மனிதர் எதற்கு இறங்கினார் என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. என் கணக்கில் அவர் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு முதுகுப்பக்கம் திறந்து கிடந்தால் இருக்க முடிவதில்லை. பாருங்கள், இப்போதும் சுவரோடு சாய்ந்துதான் இருக்கிறேன். குழி, கிணறு, மூடி திறந்த தாங்கி எதற்கு முன்னால் நின்றாலும் பின்னால் இருந்து ஓர் ஆள் ஏதோ கேட்கப் போகிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன், யாரும் இருக்க மாட்டார்கள். என் வீட்டுக் கிணற்றுக்குள் தினமும் காலையில் விளக்கு இறக்கிப் பார்க்கிறேன். அடிவரைக்கும் போய் நன்றாக எரியும். அடுத்த வீட்டார் ஏதோ கோயில் நேர்த்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொழுதுபடும் நேரம் சீதேவி அடுப்படிக்குள் இருந்துகொண்டு, "சாமிக்கு வச்ச விளக்கு எரியுதா, ஒருக்காப் பாருங்க" என்று கூப்பிடுவாள். செருப்பைக் கொழுவிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடுவேன்.

உசாந்தி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. செத்த வீட்டில் என் காலடியில் விழுந்து, "எங்களுக்கு இனி ஆரு அண்ணன்" என்றுதான் அழுதாள். கேட்டது நிஸ்மியா. மையத்து எடுத்த பிறகு ஓட்டமாவடிக்குப் போயிருந்தேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அண்ணன், கடைசியா உங்களிட்ட ஏதும் சொன்னாரா?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "ஒண்டுமே கதைக்கல்லையா?" என்றார் திரும்பவும். இல்லை என்றேன்.

றிப்ஷான் வந்த வேகத்தில் இறங்கினார் என்று சற்று முன் உங்களுக்குச் சொன்னேன். அது பொலிஸில் சொன்னது, வாய் அதற்குப் பழகிவிட்டது. நடந்தது வேறு.

அவர் ஓடி வந்து ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றார். நிதானமான மனிதர், குழாயில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் பொருத்தின இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்ப்பவர். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணன், விளக்கு எரிஞ்சதா?"

கொம்பிரசர் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றது. இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் காலை எடுத்துவிட்டு அதைத்தான் இழுத்து வந்திருப்பார். கீழே பிரதீஸ் மூச்சுக்கு இழுக்கிற சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவனும் பிழைத்திருப்பான். ஆனால் நான் அணைந்த விளக்கை மறுபடி ஏற்றிக் காட்டி அவனை இறக்கினேன் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துபோயிருக்கும்.

"எரிஞ்சது" என்றேன்.

"அப்ப வழுக்கித்தான் விழுந்திருக்கான்" என்று சொல்லிக்கொண்டு, உடுத்திருந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் இறங்கினார்.

இவ்வளவுதான், பிள்ளை. பதிவாகியிருக்கும். கூட்டத்தில் போட்டுக் காட்டினாலும் சரி, பொலிஸில் கொடுத்தாலும் சரி. பிரதீஸைக் கொன்றவன் நான். அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். றிப்ஷானுடைய சாவை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். இறங்கச் சொல்லி நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன்.